ஜப்பான் கத்தியும் என் இடது கையும்

அந்தக் கத்தி என்னை மூன்று தடவை வெட்டியிருக்கிறது. மூன்று தடவையும் நான் எதையும் வெட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒரு தடவை கீழே விழப்போனதைப் பிடிக்கப் போனேன், ஒரு தடவை துடைத்துக்கொண்டிருந்தேன், ஒரு தடவை கழுவப் போனேன். ஒரு நாளைக்கு 20 கிலோ மரக்கறி அதே கத்தியால் நறுக்குகிறேன். பலகையில் வைத்து நறுக்கும்போது இன்றுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்களுக்குச் சின்னதாக ஒரு சோத்துப் பார்சல் கடை இருக்கிறது. டிசம்பர் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். ரயிலில் வந்திறங்கி நல்லதண்ணிக்கு பஸ் ஏறுகிறவர்கள் எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த மாதங்களில் விடிகாலை 3 மணிக்கே கரட், போஞ்சி, கோவா, லீக்ஸ் என்று மலைமாதிரி முன்னால் குவிந்து கிடக்கும். சந்தையில் வாங்கும் மெல்லிய தகட்டுக் கத்தி ஒரு கிழமையில் மொட்டையாகிவிடும். மொட்டைக் கத்தியை அழுத்தி அழுத்தி வலது மணிக்கட்டு வீங்கிப்போய், ஒரு சீசன் முழுக்க வின்டோஜன் தடவிக்கொண்டு படுத்தவள் நான்.

என் தம்பி ஒசாகாவில் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறான். முதல் லீவுக்கு வந்தபோது பெட்டிக்குள் நாலு காலுறைக்கு நடுவில் சுற்றி ஒரு நீள அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். கையில் கொண்டுபோகும் பையில் கத்தியை விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போட்டு ஏற்றித்தான் கொண்டுவரவேண்டும். விலை என்ன என்று கேட்டேன். "அது எதுக்கு ஒனக்கு?" என்றான். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அலகு 21 சென்டிமீட்டர். மேல்பாதி அடுப்புக்கரி மாதிரி கறுப்பு, கீழ்ப்பாதி வெள்ளி. கொல்லன் உலையில் இருந்து வந்த கறுப்பைத் தேய்த்து எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். எட்டுப் பட்டை வைத்த மரக் கைப்பிடி. தூக்கிப் பார்த்தால் பாரமே தெரியவில்லை. எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நல்ல கத்தி என்றால் பாரமாக இருக்கும் என்பது என் கணக்கு.

இந்த வகைக்குப் பெயர் கியூட்டோ. கியோட்டோ நகரம் வேறு, இது வேறு. எழுத்துப்படி அர்த்தம் மாட்டு வாள் என்று தம்பி சொன்னதும், வெள்ளிக்கிழமை அதை அடுப்படிக்குள் எடுக்கக்கூடாது என்று அம்மா தடை போட்டார். அங்கே நூற்றாண்டுக்கணக்காக மாட்டிறைச்சி பெரும்பாலும் ஒதுக்கப்பட்டே இருந்ததாம். 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் மேற்கத்தியச் சாப்பாடு நுழைந்தபோது அதற்கென்று வந்த கத்தி இது. இப்போது மரக்கறி, மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் பாவிக்கிறார்கள். வெள்ளிக்கிழமைத் தடை மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் நீங்கவில்லை.

தம்பி அதை வாங்கியது ஒசாகாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சகாய் என்ற ஊரில். போர்த்துக்கேயர் கொண்டுவந்த புகையிலை ஜப்பானில் பரவியபோது, இலையை மயிரிழையாக அரிய ஒரு கத்தி தேவைப்பட்டிருக்கிறது. சகாய் கொல்லர்கள் அதைச் செய்து பேர் வாங்கினார்கள். இலைக்காக ஒரு ஊரே கத்தி அடித்தது என்ற கதை தேயிலைக்காட்டில் பிறந்த எனக்குப் பிடித்துப்போனது. அங்கே ஒரு கத்தியை ஒரே ஆள் முழுசாகச் செய்வதில்லையாம். அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர்.

இனி விஷயம். நடுவில் ஒரு கடினமான உருக்கு, அதன் இரண்டு பக்கமும் மென்மையான இரும்பு. இரண்டு பாண் துண்டுக்கு நடுவில் சீஸ் வைத்த மாதிரி. வெட்டுகிற வேலையைச் செய்வது அந்த நடு உருக்குத்தான். என்னுடையதில் இருப்பது ஆவோகாமி, அதாவது நீலத்தாள். உருக்கு நீலமில்லை. ஆலையில் அடையாளத்துக்கு ஒட்டும் தாள்தான் நீலம். வெள்ளைத்தாள் என்றும் ஒன்று உண்டு. நீலத்தாளில் டங்ஸ்டனும் குரோமியமும் கொஞ்சம் சேர்ப்பதால் கூர் அதிக நாள் நிற்கும், ஆனால் துருப்பிடிக்காத அளவுக்கு அந்தக் குரோமியம் போதாது. உருக்கின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். ஐரோப்பியச் சமையல் கத்திகள் அதில் 55, 58 என்று நிற்கும்; இந்த வகை 60ஐத் தாண்டும். அவ்வளவு கடினமாக இருப்பதால்தான் விளிம்பை அவ்வளவு மெல்லியதாகத் தீட்ட முடிகிறது. அதே காரணத்தால்தான் அது வளையாது, உடையும்.

இதை நான் தெரிந்துகொண்டது பூசணிக்காயில்.

"அக்கா, இத வச்சி தேங்கா மட்டும் ஒடைக்காத" என்று தம்பி சொல்லிவிட்டுத்தான் போனான். தேங்காயை நான் உடைக்கவில்லை. பெரிய பூசணிக்காய் ஒன்றைப் பிளக்கப் போனேன். கத்தி பாதி இறங்கியதும் சிக்கிக்கொண்டது. நம் வழக்கம்போல இப்படியும் அப்படியும் திருகினேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். வெளியே இழுத்துப் பார்த்தால் கூரில் எள்ளளவு ஒரு பொக்கை. வாங்கி ஒன்பது நாள். தம்பிக்குச் சொல்லவே இல்லை. இதை வாசித்துத்தான் அவனுக்குத் தெரியப்போகிறது.

அப்பா கவ்வாத்துக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டியவர், அதாவது செடிகளைக் கத்தரித்தவர். பொக்கையைப் பார்த்துவிட்டு, "நம்ம கவ்வாத்துக் கத்தின்னா மடங்கும், தட்டி நிமித்திக்கலாம். இது கண்ணாடிச் சாதி" என்றார். அப்பா சொன்ன அந்தக் கண்ணாடிச் சாதி என்ற வார்த்தையைத்தான் கடையில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது. கண்ணாடிக்கு ஆகாத எதுவும் இதற்கும் ஆகாது. எலும்பு, உறைந்த மீன், பலாக்காய், தேங்காய், கருப்பட்டி எல்லாம் தடித்த மன்னாக் கத்திக்குப் போகட்டும். பூசணியை மன்னாக் கத்தியால் பிளந்தபிறகு துண்டு போட இதை எடுக்கலாம். காய்க்குள் இறங்கிய கத்தியைத் திருகக்கூடாது, இறங்கின வழியிலேயே வெளியே எடுக்கவேண்டும். லீக்ஸை நறுக்கும் முன் பிளந்து கழுவவேண்டும். மண் அணைத்து வளர்ப்பதால் இதழுக்கு இதழ் மணல் இருக்கும், அந்த மணல் கூரைத் தின்றுவிடும். நறுக்கியதைச் சட்டிக்குள் தள்ளும்போது கூரால் பலகையைச் சுரண்டுகிறோமே, அதையும் விடவேண்டும். கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளினால் போதும்.

பலகை மரமாக இருக்கவேண்டும். எவர்சில்வர் தட்டு, டைல்ஸ், மாபிள் எதிலும் வைத்து வெட்டினால் கூர் அன்றைக்கே போய்விடும். நான் தச்சரிடம் சொல்லி சப்பு மரத்தில் ஒரு பலகை செய்துகொண்டேன். சண்பகம் என்று புத்தகத்தில் சொல்லும் மரம்தான். ஜப்பான்காரர் கத்திக்குப் பிடி போடும் ஹோ என்ற மரமும் அதே குடும்பமாம். பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்று மடித்துப் போடுங்கள். பலகை நகர்ந்தால் கை தவறும்.

பிடிக்கும் விதத்தில்தான் எனக்கு ஒரு மாதம் போனது. நான் அருவாமனையில் வளர்ந்தவள். ஆறு வயதில் அம்மாயிக்குப் பக்கத்தில் குந்தி கீரை அரிந்த கை இது. அருவாமனையில் கத்தி அசையாது, காய்தான் கத்தியைத் தேடிப் போகும். பலகையில் காய் அசையக்கூடாது, கத்தி போகவேண்டும். இந்த மாற்றத்தைத் தலை உடனே ஏற்றுக்கொண்டது, இடது கை ஏற்கவில்லை. அது பழையபடி கரட்டைக் கத்திப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. தள்ளுகிற கைக்கு விரல் நுனிதான் முன்னால் போகும். இதை விட்டொழிக்க, இரண்டு கிழமை பழைய மொட்டைக் கத்தியை வைத்துப் பழகினேன். மெதுவாக.

இடது கையின் நுனிகளை உள்ளே மடக்கி, நகம் தெரியாதபடி காயைப் பிடிக்கவேண்டும். நடுவிரலின் மொளி, அதாவது மூட்டு, கத்தியின் தட்டைப் பக்கத்தில் பட்டுக்கொண்டே இருக்கும். கத்திக்கு அதுதான் வேலி. பெருவிரல் எப்போதும் மற்ற விரல்களுக்குப் பின்னால். கத்தியை மொளிக்கு மேலே தூக்காத வரைக்கும் நுனி வெட்டுப்பட வழியே இல்லை. வலது கையில் பிடியை முழுக்க இறுக்கிப் பிடிப்பதைவிட, பிடி முடிந்து அலகு தொடங்கும் இடத்தைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் இரண்டு பக்கம் கிள்ளிப் பிடித்து, மீதி மூன்று விரலால் பிடியைச் சுற்றுவது நல்லது. கத்தி அலையாது, மணிக்கட்டும் வலிக்காது. ஓங்கி வெட்டவேண்டியதில்லை. முன்னால் தள்ளியபடி இறக்கினால் அதுவே போகும். கரட் உருளும், அதனால் முதலில் ஒரு பக்கம் மெல்லியதாகச் சீவி, அந்தத் தட்டையைப் பலகையில் வைத்துவிட்டுத்தான் மீதி. கரண்ட் போனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு டோர்ச் தேடுங்கள், கையில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள்.

என் கடைக்கு வரும் தங்கச்சி ஒருத்தி இடது கைக்காரி. என் கத்தி இரண்டு பக்கமும் தீட்டியது என்பதால் அவளுக்கும் சரி. பச்சை மீன் சீவும் யனாகிபா போன்றவை ஒரு பக்கம் மட்டும் தீட்டியவை, பெரும்பாலும் வலது கைக்குச் செய்தவை. இடது கைக்காரருக்கு யாராவது வாங்குவதானால் கேட்டு வாங்குங்கள்.

சரி, அந்த மூன்று காயம்.

முதலாவது, கத்தியைப் பலகை ஓரத்தில் பிடி வெளியே நீட்டியபடி வைத்திருந்தேன். முழங்கை பட்டது. விழும் பொருளைக் கை தானாகப் பிடிக்கப் போகும், கிளாஸ் என்றாலும் பிள்ளை என்றாலும் அப்படித்தான். உள்ளங்கையில் மெல்லிய கோடு ஒன்று, ஆழமில்லை. அதற்குப் பிறகு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்: கத்தி விழுந்தால் கையைத் தூக்கு, காலைப் பின்னால் எடு. பொக்கை விழுந்தால் தீட்டிக்கொள்ளலாம். கத்தியை வைக்கும் இடம் பலகையின் மேல்பக்கம், கூர் நம்மைப் பார்க்காமல். கடைக்குள் தூக்கிக்கொண்டு நடந்தால் முனை கீழே, கூர் பின்னால், வாயால் "கத்தி, கத்தி" என்று சொல்லிக்கொண்டு. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். கையில் இருந்து கைக்குக் கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மா சின்ன வயதில் இருந்து சொல்வார்; கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்ளவேண்டும். சண்டை வருமோ தெரியாது, விரல் போகாது. கடையிலும் அதுதான் சட்டம்.

இரண்டாவது, துடைக்கும்போது. துணியை அலகுக்கு இரண்டு பக்கமும் மடித்துப் பிடித்து, பிடியில் இருந்து முனைக்கு ஒரே இழுப்பு. மொட்டைக் கத்தியில் பத்து வருடம் செய்த வேலை. துணியும் பெருவிரலும் ஒன்றாகக் கிழிந்தன. இப்போது முதுகுப் பக்கத்தில் இருந்து கூரைப் பார்த்து, ஒரு பக்கம் துடைத்து, திருப்பி மறுபக்கம். துணி கூரைச் சுற்றிப் போகவே கூடாது.

மூன்றாவதுதான் பெரியது, தப்பும் முழுக்க என்னுடையது. சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமை. யாரோ கூப்பிட, கத்தியைச் சவர்க்காரத் தண்ணீர் பேசினுக்குள் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து தட்டு கழுவக் கையை விட்டேன். நுரைக்கு அடியில் கத்தி இருப்பது மறந்தே போனது. வலிக்கவில்லை. நல்ல கூர் அப்படித்தான், நுரை சிவந்தபிறகுதான் தெரிந்தது. மோதிர விரல்.

பக்கத்துக் கடை அம்மா காப்பித்தூளோடு ஓடிவந்தார். வேண்டாம் என்றேன். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எது அப்பினாலும் காயம் அழுக்காகும். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுக்கத்தான் உயிர் போகும். குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து இறுக்கி அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கக்கூடாது, பத்து நிமிடமாவது தொடர்ந்து அழுத்தவேண்டும். எனக்கு நிற்கவில்லை, காயமும் வாய் பிளந்து நின்றது. ஆஸ்பத்திரியில் நாலு தையல், ஒரு ஏற்பு ஊசி. விரலை மடக்கச் சொல்லிப் பார்த்தார்கள், நுனியைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். மடக்க முடியாவிட்டால் தசைநாண் அறுந்திருக்கலாம், மரத்திருந்தால் உணர்ச்சி நரம்பு பட்டிருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் ரத்தம் நின்றுவிட்டது என்று வீட்டில் இருக்கக்கூடாது. பாய்கிற ரத்தம் என்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

அன்றில் இருந்து அந்தக் கத்தி பேசின் பக்கமே போவதில்லை. யார் நறுக்கினாரோ அவரே, நறுக்கி முடித்த கையோடு, வேறு எதையும் தொடுவதற்கு முன், குழாயில் கழுவி, துடைத்து, உறையில் போடவேண்டும். உறை வேறொன்றுமில்லை. தடித்த கார்ட்போர்ட் மடித்து டேப் ஒட்டியது.

உடனே துடைப்பது விரலுக்காக மட்டுமல்ல. ஆடி மாதத்து ஹட்டன் மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும்: சுவர் வியர்க்கும், உப்பு தண்ணியாகும், காயப்போட்ட உடுப்பு மூன்று நாளைக்குக் காயாது. அப்படியொரு இரவில் தேசிக்காய் வெட்டிய கத்தியைக் கழுவாமல் படுத்துவிட்டேன். காலையில் செம்மஞ்சள் பொட்டு. அப்பச்சோடாவைக் குழைத்து, தக்கையால் தொட்டு, முதுகில் இருந்து கூர்ப்பக்கமாகத் தேய்த்ததில் போனது. ஆனால் எல்லா நிறமும் துரு இல்லை. முதல் சில கிழமை வெங்காயம் வெட்டினால் விளிம்பு கறுக்கும், ஒரு இரும்பு வாசமும் வரும். பிறகு நீலமும் சாம்பலுமாக ஒரு கறை படிந்து நின்றுவிடும். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், அது துருவுக்குப் பாதுகாப்பு.

மழைக்காலத்தில் ராவில் எண்ணெய் தடவுகிறேன். தேங்காயெண்ணெய் எங்கள் ஊர்க் குளிரில் காலையில் வெள்ளைக் கட்டியாக இருக்கும், துணியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தால் போதும். ஜப்பானில் இதற்கு சுபாக்கி என்ற செடியின் விதை எண்ணெய் பாவிக்கிறார்கள். சுபாக்கி கமேலியா ஜப்போனிக்கா, நம் தேயிலை கமேலியா சினென்சிஸ். தம்பி இதைப் போனில் சொன்ன அன்று அப்பா கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நமக்குச் சொந்தக்காரன்தான்" என்றார்.

அதற்குமுன் அதைத் தொடாதவர், பிறகு தீட்டும் வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். முதலில் வாசல்படி சிமெந்தில் வைத்து ஒரு இழுப்பு இழுக்கப் போனார், நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். வரி வரியான இரும்புக் கம்பியில் உரசுவதும் இதற்கு ஆகாது, பொடிப்பொடியாகக் கூர் உதிரும். தண்ணீர்க் கல்தான் வேண்டும். தம்பி அனுப்பியது 1000 நம்பர்; நம்பர் கூடக்கூட கல் நைசாக இருக்கும். பாவிக்கும் முன் குமிழி வருவது நிற்கும் வரைக்கும் தண்ணீரில் ஊறவிட்டு, ஈரத்துணி மேல் அசையாமல் வைக்கவேண்டும்.

கோணம்தான் எல்லாம். இதற்குப் பக்கத்துக்கு 15 பாகை போதும். அளவுகோல் தேவையில்லை. என் கத்தியின் அகலத்துக்கு, முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருந்தால் கிட்டத்தட்ட அதுதான். அந்த இடைவெளி ஆரம்பத்தில் இருந்து கடைசிவரை மாறக்கூடாது. எனக்கு நாலாவது இழுப்பிலேயே மாறிவிடும். அப்பாவுக்கு மாறாது. இடது கை விரல்கள் அலகை மெல்ல அழுத்தும், ஆனால் கூருக்குச் சற்று உள்ளே. கூரைத் தாண்டி நீட்டினால் கல் தோலை உரிக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். விரலைக் கூரின் நீளத்துக்கு ஓட்டிப் பார்க்கக்கூடாது. முதுகில் இருந்து கூரைத் தாண்டி வெளியே வருடினால் பிசிறு தட்டுப்படும். பிடியில் இருந்து முனைவரை தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது, பிறகு திருப்பு. கல்லில் ஊறும் கறுப்புச் சேற்றைக் கழுவக்கூடாது, தீட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு. கடைசியில் மடித்த வீரகேசரிப் பத்திரிகைத் தாளில் பின்பக்கமாக நாலு இழுப்பு. பழுத்த தக்காளியின் மேல் அழுத்தாமல் வைத்து இழுத்தால் தோலில் இறங்கவேண்டும். இறங்கினால் சரி.

பூசணிக்காய்ப் பொக்கையை அப்பா ஒரேயடியாக எடுக்கவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருதரம் தீட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஏழெட்டு மாதத்தில் இல்லாமல் செய்துவிட்டார். வெயில் கண்ட காலை நேரத்தில் வாசலில் பலகைக்கட்டை போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பிளேன்டீயோடு, கல்லின் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே தீட்டுவார். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.

போன மாதம் தம்பி போன் எடுத்து, வரும்போது யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். அம்மா ஸ்வெட்டர் கேட்டார். எனக்கு முன்னால் அப்பா போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, ஆறாயிரம் நம்பர்ல ஒரு கல்லு இருக்காம்ல?"